பழைய பெட்டிக்குப் பிரிண்டர் காட்டுத விதம்

வா மருமவனே, உக்காரு. எல்லாம் கேள்விப்பட்டேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கணும். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்தும் எக்ஸ்பி பெட்டியிலதான் கெடக்கு. பிரிண்டரு புது லேப்டாப்பு சொன்னாத்தான் கேக்குது. அதனால வீடியோவப் பாத்து, புதுசுல, ஷேர் பண்ணுத பழைய வழியான எஸ்எம்பி-1ஐத் தொறந்துவிடப் போறியாம்லா. நல்ல காரியம். அப்படியே பயர்வாலையும் அணைச்சிரு. பாஸ்வேர்டும் வேண்டாம். கடைச் சாவிய வெளியில தொங்கவிட்டுட்டு வந்தா, வாரவனுக்கும் சிரமம் இருக்காது.

மைக்ரோசாப்ட்டுக்காரன் எஸ்எம்பி-1ஐச் சும்மா அடைக்கலடே. 2017 மே மாசம் வானாக்ரைங்குத வைரஸ் வந்து, இங்கிலாந்துல ஆஸ்பத்திரிக்காரங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்களே, அது நுழைஞ்சது அந்தச் சந்து வழியாத்தான். அந்த வருசம் அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10லேருந்து, புதுசாப் போட்டா, ஷேர் குடுக்குத பக்கத்து எஸ்எம்பி-1 கூட வாரதில்ல. உன் எக்ஸ்பிக்கோ அத விட்டா வேற பாஷை தெரியாது. 2014 ஏப்ரலோட அதக் கவனிக்கவும் ஆளில்ல. இதுக ரெண்டையும் பேச வச்சே தீருவேன்னு நிக்க. எதுக்கு? மூஞ்சி குடுத்துப் பேசாத பங்காளிக மொய் எழுதாமலா போறாங்க? ஆளுக்கொரு நேரம் வந்து எழுதிட்டுப் போவலையா? அதே மாதிரி இதுகளும் தனித்தனியாப் பிரிண்டருகிட்டப் போவட்டும்.

பிரிண்டருக்குப் பின்னால நெட்வொர்க் வயர் சொருகுத ஓட்டை இருக்கா பாரு. இருந்தா பாதிக் கவலை விட்டுது. அதுக்கு மாறாத ஐபி ஒண்ணக் குடு. ரூட்டரு இஷ்டத்துக்கு விட்டா, ஒருநாள் நம்பரு மாறி, அடிச்சதெல்லாம் எங்க போச்சுன்னு நீ வானத்தப் பாப்ப. பெறவு எக்ஸ்பியில பிரிண்டரச் சேரு. லோக்கலா, நெட்வொர்க்கான்னு கேக்கும். நீ படிச்ச புள்ள, நெட்வொர்க்குன்னுதான் சொல்லுவ. சொல்லாத. லோக்கல்னு சொல்லு, தானாத் தேடுத டிக்க எடுத்துரு, ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்டுன்னு புதுசா ஒண்ணு போட்டு அந்த ஐபியக் குடு. புரோட்டோகால் ரா, போர்ட்டு நம்பரு 9100. அம்புட்டுதான். ஷேரும் வேண்டாம், வொர்க்குரூப் பேரும் வேண்டாம். எக்ஸ்பிக்கு டிரைவரு கெடைக்கலன்னு அழாத. பிரிண்டருக்குப் பிசிஎல் தெரிஞ்சா, எக்ஸ்பிக்குள்ளயே கெடக்குத பழைய லேசர்ஜெட் டிரைவரு ஒண்ணு போதும்.

யூஎஸ்பி வால் மட்டும்தான் இருக்குன்னா கொஞ்சம் மெனக்கெடணும். மூலையில கெடக்குத ஏதாவது பெட்டியில லினக்ஸப் போட்டு, கப்ஸ்ங்குத பிரிண்ட் சர்வர வச்சு, பிரிண்டர அதுல மாட்டு. அந்தப் பிரிண்டர லினக்ஸுக்குத் தெரியுமான்னு முன்னாலயே பாத்துக்கோ. எக்ஸ்பியில ஏதாவது போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரப் போட்டு, 631ங்குத போர்ட்டு வழியா கப்ஸுக்கு அனுப்பு. அந்தப் பிரிண்டருக்குப் புரியுத மாதிரி மாத்திக் குடுக்குதது கப்ஸு பாடு.

இன்னொண்ணு. எக்ஸ்பிக்கு ஐபி குடுக்கும்போது கேட்வேங்குத கட்டத்தக் காலியா விட்டுரு. கடைக்குள்ள பிரிண்டருகிட்டப் போவும், வெளி ஊரு சுத்தாது. அதுல யூடியூப் பாக்கணும்னு கேப்ப. கேளு, நானும் சிரிச்சுக்கிடுதேன்.

காகித அளவு லெட்டர்னு கெடந்தா ஏ4ன்னு மாத்திரு. மறந்தேன்னா பிரிண்டரு விளக்க மினுக்கிக்கிட்டு, இல்லாத காகிதத்தக் கேட்டுக்கிட்டே நிக்கும். நீ எனக்குப் போனப் போடுவ. மத்தியானம் சாப்புட்டுக் கெடந்தேன்னா, மணி அடிச்சாலும் எடுக்கமாட்டேன், சொல்லிட்டேன்.