பாத்தி தோண்டும் நரி

கேள்வி: காட்டேரிக்குப்பத்தில் கத்தரிப் பாத்திகளை இரவில் நரிகள் தோண்டிப் போடுகின்றனவே, விரட்டுவது எப்படி?

பதில்: கத்தரிக்காயில் நரிக்கு அக்கறை இல்லை, எருவில் வளரும் வண்டுப் புழுக்களும், வளை எலிகளும், மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்து வடிக்கும் மீன் அமிலத்தின் வாசனையும் சேர்ந்து அனுப்பிய அழைப்பிதழை மதித்தே அது வந்திருக்கக்கூடும். மணிலாக்கொட்டையோ கிழங்கோ காணாமற்போயிருந்தால், முதலில் பெருச்சாளியை விசாரிப்பதே நியாயம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நரியையும் காப்பதால், பொறியோ நஞ்சோ வைப்பவர் நரிக்கு முன்னதாகக் கூண்டில் ஏற நேரிடும். கம்பி வலையின் அடிவிளிம்பை வெளிப்புறமாக மடித்து ஓரடி ஆழத்தில் புதைத்தால், தோண்டும் கால்கள் அதில் தட்டித் திரும்பும். கூலி கேட்காமல் எலி பிடிக்கும் ஆளை இழக்க மனமில்லாதவர் வேலியைப் பாத்தியோடு நிறுத்திக்கொண்டு, வரப்பை அதற்கு விட்டுவிடலாம்.