கிளிக்கு மட்டும் கூண்டு

2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் சூட்டில், கடலூர்ப் பக்கம் ஒரு கிளி ஜோசியர் வனத்துறையிடம் மாட்டினார். பா.ம.க. வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான் ஓட்டுக் கேட்டுப் போன வழியில் அவர் முன்னால் உட்கார்ந்தார். கிளி வெளியே வந்தது, ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தது, உள்ளே போய்விட்டது. ஜெயம் உங்களுக்குத்தான் என்றார் ஜோசியர். வீடியோ ஊரெல்லாம் பரவ, பின்னாலேயே அதிகாரிகள் வந்தார்கள். கிளியைக் கூண்டில் அடைப்பது சட்டப்படி குற்றம். கிளிகளைக் கொண்டுபோனார்கள், ஜோசியரைக் கண்டித்து அனுப்பினார்கள். ஜூனில் ஓட்டு எண்ணியபோது வேட்பாளரும் தோற்றிருந்தார்.

பாவம், பிழைக்கத் தெரியாத மனிதர். கிளி இருந்த இடத்தில் ஒரு லேப்டாப்பை வைத்து, "உங்கள் வெற்றி வாய்ப்பு 18.5 சதவீதம்" என்று சொல்லியிருந்தால் வனத்துறை வந்திருக்காது, டி.வி. சேனல்காரர்கள் வந்திருப்பார்கள். வேட்பாளர் தோற்றாலும் கணிப்பு தோற்றிருக்காது. மீதி 81.5 சதவீதம் எதற்கு இருக்கிறது?

இந்த வித்தையை நியூயார்க்கில் கரைத்துக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். 2018 ரஷ்யக் கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்னால் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி செயற்கை நுண்ணறிவை இறக்கியது. 2 லட்சம் மாடல்களைச் சலித்து, போட்டித் தொடர் முழுவதையும் 10 லட்சம் தடவை ஓட்டிப் பார்த்துச் சொன்னது: இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியைப் பிரேசில் வீழ்த்தும். ஸ்விட்சர்லாந்தின் யு.பி.எஸ். வங்கிக்கு 10 ஆயிரம் தடவை போதுமாக இருந்தது: ஜெர்மனிக்குக் கோப்பை, 24 சதவீதம். டார்ட்மண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்கிற முறையில், அதாவது கணக்கு மரங்களை ஒரு காடாக வளர்த்துப் பார்த்து, ஸ்பெயின் என்றார்கள்: 17.8 சதவீதம். அந்தப் புள்ளி எட்டைக் கவனியுங்கள். கிளிக்கு அது வராது.

ஜெர்மனி கசான் நகரில் தென் கொரியாவிடம் 0-2 என்று உதை வாங்கி, தன் பிரிவில் கடைசி இடம் பிடித்து ஊருக்குப் போனது. ஸ்பெயின் ரஷ்யாவிடம் பெனால்டியில் கவிழ்ந்தது. பிரேசிலைக் காலிறுதியில் பெல்ஜியம் வழியனுப்பியது. கோப்பை பிரான்சுக்கு. 10 லட்சம் தடவை ஓட்டிய தொடரை ரஷ்யாக்காரர்கள் ஒரே ஒரு தடவைதான் நடத்தினார்கள். அதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

நான்கு வருஷம் முன்னால் பட்ட சூடாவது நினைவிருந்திருக்கலாம். 2014-ல் இதே கோல்ட்மேன் சாக்ஸ் பிரேசிலுக்குக் கொடுத்தது 48.5 சதவீதம். பெலோ ஹொரிசோன்டேயில் அரையிறுதி. 29 நிமிடத்துக்குள் ஜெர்மனி 5 கோல். முடிவு 7-1. மைதானத்தில் பிரேசில் குழந்தைகள் அழுதார்கள். வங்கியில் யாராவது வேலையிழந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கூட்டத்தில் என் மரியாதைக்கு உரியது ஒரே ஒரு உயிர்: ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் தொட்டியில் கிடந்த பால் என்ற ஆக்டோபஸ். 2010-ல் 8 ஆட்டம், 8-ம் சரி. கூலி, கொடி ஒட்டிய பெட்டிக்குள் கிடந்த ஒரு சிப்பி. இறுதி ஆட்டம் வரை சொல்லிவிட்டு அந்த அக்டோபரிலேயே செத்துப்போனது. அடுத்த கோப்பைக்கு "மேம்படுத்தப்பட்ட மாடல்" என்று மறுபடி வந்து நிற்கவில்லை.

கணிதத்தைக் குறை சொல்லவில்லை. கால்பந்தில் கோல் அபூர்வம். 2022 கத்தாரில் 64 ஆட்டத்தில் 172 கோல். ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து முடிவையே புரட்டிவிடும். சர்வதேச அணிகள் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து ஆட்டம்தான் ஆடுகின்றன. ஆளுக்கொரு கிளப்பிலிருந்து வந்து சில நாள் பயிற்சியோடு இறங்குகிறார்கள். இயந்திரம் தின்று வளர வேண்டிய டேட்டா அவ்வளவுதான். சதுரங்கத்துக்காக அர்பாத் ஏலோ கண்டுபிடித்த மதிப்பெண் முறையைத்தான் 2018 முதல் ஃபிஃபாவே தரவரிசைக்குப் பின்பற்றுகிறது. யார் பலசாலி என்று அது ஓரளவு சொல்லும். 36 ஆட்டமாகத் தோற்காத அர்ஜென்டினாவை லுசைலில் சவுதி அரேபியா 2-1 என்று சாய்க்கப் போகும் அந்த ஒரு மதியத்தை எது சொல்லும்? நேர்மையான கணிதக்காரர் இதைத்தான் முதலில் சொல்வார். அவரை யாரும் டி.வி.க்குக் கூப்பிடுவதில்லை.

கூப்பிடாததற்குக் காரணம் உண்டு. கணிப்புக்குப் பக்கத்துக் கடை சூதாட்டக் கடை. 2024 யூரோ கோப்பையின் விளம்பரதாரர்களில் பெட்டானோ என்ற பந்தய நிறுவனமே ஒன்று. அந்தத் தொடருக்கு ஆப்டா நிறுவனத்தின் 'சூப்பர் கம்ப்யூட்டர்' முதலிடம் தந்தது இங்கிலாந்துக்கு. பெர்லினில் கோப்பையைத் தூக்கியது ஸ்பெயின். சூப்பர் கம்ப்யூட்டருக்கு நட்டமில்லை, பந்தயக் கடைக்கும் நட்டமில்லை. இங்கிலாந்து மேல் பணம் கட்டியவனுக்கு மட்டும்தான்.

பெரிய கடைக்குப் பின்னால் சந்தில் சின்னக் கடைகள். டெலிகிராமில், வாட்ஸ்அப்பில் "ஏ.ஐ. கணிப்பு, நூற்றுக்கு நூறு" என்று வலை விரிப்பவர்கள். இதற்கு ஏ.ஐ. கூட வேண்டாம். 1,024 பேருக்குச் செய்தி அனுப்பு. பாதிப் பேருக்கு 'ஏ' ஜெயிக்கும், பாதிப் பேருக்கு 'பி' ஜெயிக்கும். தப்பாகப் போன 512 பேரை விட்டுவிடு. மிச்சம் 512 பேருக்கு அடுத்த ஆட்டம். ஐந்து ஆட்டம் முடிந்ததும் 32 பேர் உன்னைத் தெய்வம் என்று நம்புவார்கள். அஞ்சும் அஞ்சு சரியாக வந்திருக்கிறதே! ஆறாவது கணிப்புக்குக் கட்டணம். அந்த 32 பேரில் ஒருவன் தங்கச்சி நகையை அடகு வைத்துக் கட்டுவான். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தில் இழந்து உயிரை விட்டவர்கள் செய்தி வந்துகொண்டே இருந்தபோதும், தடை மசோதாவை நான்கு மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்பினார் ஆளுநர். சட்டசபை இரண்டாம் முறை நிறைவேற்றிய பிறகுதான், 2023 ஏப்ரலில், கையெழுத்து விழுந்தது. கிளியைப் பிடிக்க ஒரு வீடியோ போதுமாக இருந்த நாடு இது.

நம் தேசியக் கால்பந்து அணியின் கதை தனி. 2022 ஜூனில் ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டங்களுக்கு முன், அன்றைய வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஆட்டக்காரர் பட்டியலை ஒரு ஜோசியருக்கு அனுப்பி யார் யாருக்குக் கட்டம் சரியாக இருக்கிறது என்று கேட்டார் என இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தி வெளியிட்டது. எல்லோரும் சிரித்தோம். நான் இப்போது சிரிப்பதில்லை. ஜாதகக் கட்டத்துக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தூரம், கேட்பவர் போட்டிருக்கும் கோட்டின் விலைதான்.

சரி, இதெல்லாம் வயிற்றுப் பிழைப்பு, விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கத்தார்தான் விடமாட்டேன் என்கிறது.

2022-ல் ஒவ்வொரு மைதானத்தின் கூரைக்கு அடியிலும் 12 கேமராக்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 தடவை அவை படம்பிடித்தன. பந்துக்குள் இருந்த சென்சார் விநாடிக்கு 500 தடவை செய்தி அனுப்பியது. எதற்கு? ஆஃப்சைடு பார்க்க. ஒருவனின் முழங்கால் எதிரியின் முழங்காலைத் தாண்டி ஒரு விரல்கடை முன்னால் இருந்ததா என்று பார்க்க.

அந்தக் கூரையைப் போட்டவர்களின் உடம்பில் எத்தனை புள்ளிகளைப் பார்த்தார்கள்? 2010-ல் கத்தாருக்குப் போட்டியைக் கொடுத்தது முதல் அடுத்த பத்தாண்டில், இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து அங்கே போனவர்களில் 6,500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்று 2021-ல் கார்டியன் எழுதியது. இந்தியர் 2,711. இலங்கையர் 557. மைதான வேலையில் செத்தவர்கள் மட்டும் இல்லை, எல்லா வேலையிலும் சேர்த்து. அது எத்தனை, இது எத்தனை என்று பிரிக்க முடியாததற்குக் காரணம், யாரும் எழுதி வைக்கவில்லை. இறந்த இந்தியர்களில் 80 சதவீதம் பேருக்குச் சான்றிதழில் இருந்தது 'இயற்கை மரணம்'. பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைகூடக் கிடையாது. முப்பது வயதில் இயற்கையாகச் செத்துப்போனார்களாம். பந்துக்கு விநாடிக்கு 500 செய்தி. மனிதனுக்கு ஆயுசுக்கும் சேர்த்து ஒரு வரி, அதுவும் பொய்.

கோப்பைக்குப் பொறுப்பாக இருந்த கத்தார் அதிகாரியே 2022 நவம்பரில் ஒரு பேட்டியில் சாவு எண்ணிக்கையைச் சொன்னார்: 400-க்கும் 500-க்கும் நடுவில். நடுவில்! ஸ்பெயினுக்குப் புள்ளி எட்டு வரைக்கும் கணக்கு இருந்தது. கம்பி கட்டியவனுக்கு நூறு பேர் முன்னப்பின்ன இருந்தால் பரவாயில்லை.

இதைக் கணிக்க முடியாதா? முடிந்திருக்கிறது. வெயிலையும் நேபாளத் தொழிலாளர் சாவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் இதய மருத்துவ இதழில் வந்தது. வெயிலிலிருந்து முறையாகப் பாதுகாத்திருந்தால், 2009 முதல் 2017 வரை இதய நோயால் இறந்த 571 பேரில் 200 பேர் வரை பிழைத்திருக்கலாம் என்று அது சொன்னது. கையில் இருந்த கருவி தெர்மாமீட்டர். அதைவிடக் கொடுமை, ஃபிஃபாவே கணித்தது. கத்தார் கோடை ஆட்டக்காரர்களுக்கு ஆகாது என்று 2015-லேயே முடிவெடுத்து உலகக் கோப்பையை நவம்பர்–டிசம்பருக்குத் தள்ளியது. அதே கோடையில் மைதானம் கட்டிக்கொண்டிருந்தவனுக்கு எந்த மாதமும் தள்ளிப்போகவில்லை.

ஆக, கணிக்கத் தெரியாமல் இல்லை. யாருடைய நாளைக்கு விலை இருக்கிறதோ அவனுடைய நாளையைக் கணிக்கிறார்கள்.

2024 டிசம்பர் 11-ல் ஃபிஃபா 2034 உலகக் கோப்பையைச் சவுதி அரேபியாவுக்குக் கொடுத்தது. கேட்ட நாடு அது ஒன்றுதான். அந்த முடிவைக் கிளிகூடச் சரியாகச் சொல்லியிருக்கும். 15 மைதானங்கள் வேண்டும், பெரும்பாலானவற்றை இனிமேல்தான் கட்ட வேண்டும். வங்கிகளும் சூப்பர் கம்ப்யூட்டர்களும் பிரேசிலா பிரான்ஸா என்று ஓட்டிப் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது. கட்டப் போகிறவர்களுக்கு இல்லை. ஏஜென்டிடம் முன்பணம் கட்டிக் காத்திருக்கும் தம்பி, ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்: சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளி வெயிலில் உன்னிடம் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார்.