‘இனி அவ விட்டிடலாமே’: திருகோணமலைத் தேத்தண்ணிக் கடையொன்றில் ஒரு கருத்தின் தோற்றமும் நிலைபேறும்

தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தை விட வேண்டுமா என்பதை இக்கட்டுரை ஆராயவில்லை. அதை அவரே பார்த்துக்கொள்வார். அவர் விடவேண்டும் என்று பஸ் நிலையத்தடித் தேத்தண்ணிக் கடையில் ஆண்டுக்கணக்காக வாதாடும் ஒருவர், அவர் விட்டுவிட்டதாக வதந்தி வந்தால் மட்டும் பிளேன்ரீயை வைத்துவிட்டு ஏன் பதறி எழும்புகிறார் என்பதே ஆய்வுப்பொருள். இத்துறையில் முன்னாய்வுகள் இல்லை. தேவைப்படவும் இல்லை.

ஆய்வுக்குட்பட்டவர் ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர். இனி ‘இரசிகர்’ எனப்படுவார். கடைவாசலுக்கு வந்துபோகும் புள்ளிமான்களிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. அவை வாழைப்பழத்தோலோடு விலகிக்கொண்டன.

தர்ஜினி 1979இல் பிறந்தவர், யாழ்ப்பாணத்து ஈவினையைச் சேர்ந்தவர், இலங்கை அணிக்குக் கோல் எய்பவர். உயரம் 208 சென்ரிமீற்றர். கோல் வளையமோ 305இல் இருக்கிறது. இடையில் மிஞ்சும் 97 சென்ரிமீற்றரை அவருடைய கைகள் கவனித்துக்கொள்கின்றன. அணி வென்றால் இரசிகருக்கு அவர் ‘எங்கட பிள்ளை’. தோற்றால் ‘யாழ்ப்பாணத்துப் பிள்ளை’. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஓர் ஆட்டநேரம், அதாவது 60 நிமிடம்.

வயதைப் பற்றிய இரசிகரின் கவலை கூடைப்பந்திலிருந்து இரவல் வாங்கியது என்பது நம் துணிபு. லெப்ரான் ஜேம்ஸ் நாற்பது வயதிலும் ஆடினார் என்றால் வியப்புத்தான்: அந்த ஆட்டத்தில் பந்து கைமாறியதும் மைதானத்தின் மறுகோடிக்கு ஓடவேண்டும், எதிராளி முகத்துக்கு நேரே எகிறுவான். வலைப்பந்தோ மூத்தோரை மதிக்கும் ஆட்டம். கோல் எய்பவர் தன் மூன்றிலொரு பகுதியைத் தாண்டவே கூடாது. பந்தை வைத்திருப்பவரிடமிருந்து தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். ஆக, முழங்கால் தேயலாம். குறி தேய வேண்டிய கட்டாயமில்லை. இதை விளக்கியபோது இரசிகர், “அதெல்லாம் சரி தம்பி, அவக்கும் ஒரு ஆறுதல் வேணாமே?” என்றார். தரவை அன்பு வெல்லும் இவ்விடத்தில் ஆய்வாளர் வாயடைத்துப்போவது வழமை.

ஆனால் சிக்கலின் மையம் 2019 லிவர்பூல் உலகக் கிண்ணம். நாற்பது வயதில் 348 கோல்கள். அந்தத் தொடரிலேயே யாரும் அத்தனை போடவில்லை. இலங்கைக்குக் கிடைத்த இடம், 16 அணிகளில் 15. இந்த ஒரே தரவிலிருந்து இரசிகர் ஒரே காலையில் இரண்டு முடிவுகளுக்கு வந்தார். தேத்தண்ணிக்கு முன்: “அவ இல்லாட்டி பதினாறாவது.” தேத்தண்ணிக்குப் பின்: “அவவை நம்பித்தானே பதினைஞ்சாவது.”

பின்னதில் உண்மை உண்டு, சொல்லத்தான் மனம் வரவில்லை. தலைக்கு மேலே பந்தை வீசினால் போதும், மிச்சம் அவர் பாடு என்றால், மற்றப் பிள்ளைகள் வேறு வழி தேட மாட்டார்கள். எதிரணிக்கும் இது தெரியும். மேலே போகும் பந்தை அவர்கள் விட்டுவிட்டு, அதை வீச வருபவளை மறிப்பார்கள். பிழை அவருடையதா? உயரமாகப் பிறந்தது குற்றமென்றால் கோணேசர் மலைக்கும் வழக்குப் போடவேண்டும்.

2022 செப்டெம்பர் 11 அன்று சிங்கப்பூரில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம். ஓய்வு அவருக்கு வேண்டும் என்று இரசிகர் முடிவுகட்டி மூன்றாண்டாகியிருந்தது. அவரோ 43 வயதில் களத்தில். சிங்கப்பூரை 63–53 என்று இலங்கை வென்றது. அதே நாள் டுபாயில் பாகிஸ்தானைத் தோற்கடித்து கிரிக்கெற் ஆசியக் கிண்ணமும் வந்ததால் கடைத் தொலைக்காட்சியில் கிரிக்கெற்தான். வலைப்பந்து முடிவை இரசிகர் கைபேசியில் பார்த்து, தொலைக்காட்சிக்கு மேலால் கத்தி அறிவித்தார். கடைக்காரர் பழைய கருத்தை நினைவூட்டினார்.

“நான் எப்பயடா அப்பிடிச் சொன்னன்?” என்றார் இரசிகர். “அடுத்த வருசம் விடட்டும் எண்டுதானே சொன்னன்.”

எந்த அடுத்த வருசம் என்ற கேள்விக்கு விடை பெறப்படவில்லை. ஆய்வு தொடர்கிறது, கடைக்கணக்கும்.