கத்திரி வெயில்ல கோட்டை பாக்கப் போறியா கண்ணு?

பெங்களூருல இருந்து ராத்திரியோட ராத்திரியா கார் ஓட்டிட்டு வந்த. எந்திரிச்சதும் எந்திரிக்காததுமா போனைத் தொறந்து ஒரு பட்டியலைப் படிச்ச. அப்பாரு முழுசாக் கேட்டேன் கண்ணு. நாமக்கல் கோட்டை, சங்ககிரி கோட்டை, கோயமுத்தூர் கார் மியூசியம், ஊட்டி ரயிலு. பேஷ்! மே மாசம், கத்திரி நடுவுல சேலத்துக்காரனெல்லாம் ஏற்காட்டைப் பாத்து ஓடறான். நீ மலையடிவாரத்துல, கொண்டப்பநாயக்கன்பட்டியில படுத்து எந்திரிச்சுட்டு, வெயில் எங்க கொளுத்துதோ அங்க போறேங்கற. நான் தடுக்க மாட்டேன். போறதுதான் போற, முறையாப் போ.

நாமக்கல்லுக்கு வெடியாலயே போயிடாத. அந்நேரத்துக்குப் பாறை குளுந்து கெடக்கும், புள்ளைங்க பத்து நிமிசத்துல மேல ஏறிடும். அதுல என்ன பெருமை? பன்னெண்டு மணிக்குப் போ. இருநூறு அடிக்கு மேல ஒரே கல்லு, அதுல செதுக்குன படி, நல்லாக் காஞ்சிருக்கும். கைப்புடிச்சு ஏறலாம்னு பாறையில கைய வெச்சேன்னு வை, ஒடனே எடுத்துருவ. 1768ல வெள்ளைக்காரன் அந்தக் கோட்டையப் புடிச்சான். கொஞ்ச மாசத்துலயே ஹைதர் அலி திருப்பிப் புடுங்கிட்டாரு. சண்டையில தோத்தான்னு எழுதி வெச்சிருக்காங்க. எனக்கென்னமோ ஒரு கத்திரி வந்திருந்தா சண்டையே இல்லாம வுட்டுட்டு ஓடியிருப்பான்னுதான் படுது.

அந்த மலையிலயே வெவரமானவங்க ரெண்டு பேரு இருக்காங்க. நரசிம்மரும் ரங்கநாதரும். எட்டாம் நூத்தாண்டுலயே அதியமானுங்களை வெச்சுப் பாறையைக் குடைய வெச்சு, உள்ள நெழல்ல ஒருத்தர் உக்காந்துட்டாரு, இன்னொருத்தர் படுத்தே போட்டாரு. எதுத்தாப்புல ஆஞ்சநேயரைப் பாரு. 18 அடி, கூரை கெடையாது, கை கூப்பிக்கிட்டு வெயில்லயும் மழையிலயும் நிக்கறாரு. நீ அந்தக் கட்சி. ஆனா ஒண்ணு, அவருக்கு கால் சுடாது. உனக்குச் சுடும். செருப்பை வாசல்ல வுட்டுட்டு மத்தியானம் அந்தக் கல்தரையில எறங்கிப் பாரு. குதிகால்ல ஒரு எட்டு, வெரல் நுனியில ஒரு எட்டு, தண்ணி ஊத்தியிருக்கற எடத்துக்கு ஒரே தாவு. மருமவளுக்குப் பரதநாட்டியம் தெரியாதுன்னு சொன்னியே, அன்னிக்குத் தெரியும். அடிச்சுப் புடிச்சுப் போயி நின்னா உச்சி நேரத்துக்கு நடை சாத்திருப்பாங்க. அது வேற.

சங்ககிரிக்கு ஆடி பதினெட்டுலயே போயிருக்கலாம். தீரன் சின்னமலையை 1805ல அங்கதான் தூக்குல போட்டாங்க. வருஷா வருஷம் அன்னிக்கு ஊரே தெரண்டு வரும், வெயிலும் அடங்கியிருக்கும். ஆனா உனக்கு லீவு மே மாசத்துலதான் குடுப்பாங்க, சரி. கீழ லாரிங்க நிக்கற வரிசையைப் பாத்துட்டு அதான் கோட்டை மதில்னு நெனச்சுடாத. மலைக்கோட்டை மேல இருக்குது. தண்ணி பாட்டிலை மறக்காம கார்லயே வெச்சுட்டுப் போ, எறங்கி வந்தப்புறம் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கலாம்.

கோயமுத்தூர் கார் மியூசியத்துக்கு மட்டும் மத்தியானம் போயிடாத. அது கட்டடத்துக்குள்ள இருக்குது பாரு, வெயில் வீணாப் போயிடும். கோட்டைக்குக் காலையில, கூரை இருக்கற எடத்துக்கு உச்சியிலன்னு போறதெல்லாம் எங்களை மாதிரிப் பட்டிக்காட்டான் கணக்கு. அங்க போனா ஜி.டி. நாயுடு பேரைக் கேப்ப. 1920ல ஒத்தை பஸ்ஸை வெச்சுக்கிட்டு, தானே ஓட்டிக்கிட்டு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஆளு ஏத்துனவரு. அவுங்க குடும்பம் வெச்சிருக்கற மியூசியம் அது, 2015ல தொறந்தாங்க. 1886ல ஜெர்மனிக்காரன் பென்ஸ் பண்ணுன மூணு சக்கர வண்டியோட நகல் நிக்குது. அதைப் பாத்து வாயப் பொளந்து ‘ஐயோ எவ்வளவு அழகு’ம்ப. நல்லதுதான். நம்ம ஊட்டு அம்பாசிடரை உங்கப்பன் எடைக்குப் போட்டப்ப நீ எங்க போன சாமி? கதவைச் சாத்துனா நாலு ஊட்டுக்குக் கேக்கும், அப்பேர்ப்பட்ட கதவு. அதைக் கிலோ கணக்குல குடுத்துட்டு, இப்ப டிக்கெட் வாங்கிக்கிட்டு, கயிறு கட்டுனதுக்கு இந்தப் பக்கம் நின்னு போட்டோ புடிக்கறோம்.

ரயிலுன்னா திருச்சியிலயும் ஒரு மியூசியம் இருக்குது. திங்கக்கிழமை பாத்துப் போ, பூட்டைப் பாத்துட்டு வரலாம். அரசாங்க அருங்காட்சியகம்னா வெள்ளிக்கிழமை. தொறந்திருக்கற நாள்ல போனாலும் வெட்டவெளியில நிக்கற இஞ்சின் மேல புள்ளையை உக்கார வெச்சுப் போட்டோ எடு. கறுப்பு இரும்பு, மத்தியானம் ரெண்டு மணி. படத்துல புள்ளை வாய் ஏன் அப்படி இருக்குதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

நெசமா ஓடற பழைய வண்டி வேணும்னா ஊட்டி ரயிலுதான் கண்ணு, இதுல கேலி இல்ல. மேட்டுப்பாளையத்துல காலையில ஏழு மணி சுமாருக்குக் கெளம்பும். 46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம் கிட்ட ஆவும். கல்லாறு தாண்டுனா குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச இரும்புச் சட்டம் ஓடும். இஞ்சினுக்கு அடியில இருக்கற பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். 12 அடி போனா ஒரு அடி ஏத்தம், சாதாரணச் சக்கரம் வழுக்கிடும். இன்னொண்ணு கவனி. இஞ்சின் முன்னால நின்னு இழுக்காது, பின்னாடி நின்னு தள்ளும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆளு பிரேக்குக்குன்னு நிப்பான். 1899ல குன்னூர், 1908ல ஊட்டின்னு போட்ட பாதை, 2005ல யுனெஸ்கோக்காரங்க பட்டம் குடுத்தாங்க. டிக்கெட்டை மாசக்கணக்குல முன்னாடியே போடணும். நீ இன்னிக்குக் காலையில தேடுற. சீட்டு இல்லைன்னு போன் சொன்னா போனை முறைக்காத.

இதெல்லாம் ஆவலைன்னா ஒண்ணு சொல்றேன். நம்ம வாசல்ல இருந்து மேல பாரு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுனா ஏற்காடு. அங்க ஹோலி டிரினிட்டி சர்ச்சுல ராபர்ட் புரூஸ் ஃபூட்டுன்னு ஒருத்தர் கல்லறை இருக்குது. 1863ல பல்லாவரத்துல ஒரு கல் கோடாலியைக் கையில எடுத்து, இது ஆதிமனுசன் செஞ்சதுன்னு சொன்னவரு. அப்புறம் அதே வருஷம் அத்திரம்பாக்கம். அங்க கெடச்ச கருவிங்களுக்கு 15 லட்சம் வருஷம் வயசாகுதுன்னு பின்னாடி கணக்குப் பண்ணுனாங்க. உன் கோட்டையெல்லாம் நேத்துக் கட்டுனது. இத்தனைக்கும் எடம் குளு குளுன்னு இருக்கும், கூட்டமும் இருக்காது. கூட்டம் பூரா ஏரிக்கரையில மொளகா பஜ்ஜிக்கு நிக்கும்.

எறங்கறப்ப ரெண்டாவது கியர்லயே வா. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்ற பெங்களூர் வண்டிங்க கருகுன வாசத்தோட நம்ம ஊட்டு முன்னாடி நிக்கறதை நான் தெனம் பாக்கறேன். ‘தாத்தா கொஞ்சம் தண்ணி’ம்பாங்க. குடிக்கவா சக்கரத்துல ஊத்தவான்னு கேட்டுட்டுத்தான் குடுப்பேன். சூடான சக்கரத்துல ஊத்தக் கூடாது, தானா ஆறணும். அதையும் சொல்லித்தான் அனுப்பறது.

சரி, பட்டியலை மடிச்சு வெச்சியா? ஏற்காடுன்னா அப்பாரும் வர்றேன். முன் சீட்டு எனக்கு. ஏசி காத்து மூஞ்சிக்கு நேரா வரணும், மருமவளைப் பின்னால உக்காரச் சொல்லு. பஜ்ஜிக்குக் காசு நீ குடுத்துடு.