பீரோவுக்கு அடியில் உள்ள தரை: அரியலூர், பெரம்பலூர் இல்லங்களின் படிவியல் குறித்து

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தின் நிலவியலை ஆராய்ந்த பெரியவர்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே போய்த்தான் தேடினார்கள். 1860களில் பிளான்ஃபோர்டு இங்குள்ள கிரெட்டேசியஸ் காலப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தைக் கண்டறிந்தார். சிப்பியும் நத்தையும் அம்மோனைட்டும் கிடைத்ததை வைத்து, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது, பிறகு பின்வாங்கிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் பிழை. அவர்களில் ஒருவராவது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வீட்டின் கூடத்துக்குள் வந்து பார்த்திருந்தால், படிவு இன்னும் நிற்கவில்லை, வேலை மட்டும் கடலின் கையிலிருந்து கொத்தனார் கைக்கு மாறியிருக்கிறது என்பது விளங்கியிருக்கும். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்ற விதியை ஸ்டெனோ 1669இல் வகுத்தார். பழைய வீடு ஒன்றின் தரை இவ்விதிக்கு அப்படியே அடங்குகிறது. அடியில் மண் தரை. அதன்மேல் வெள்ளிக்கிழமைதோறும் மெழுகிய சாணி, ஏட்டுச்சுவடிபோல மெல்லிய அடுக்குகளாக. அடுத்து சிமெண்ட் பூச்சு. அதற்கும் மேலே, கரணையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி பளபளப்பாக்கிய சிவப்பு ஆக்சைடு. வசதி இருந்த வீட்டில் ஒரு மொசைக் அடுக்கும் இடையில் வரும். உச்சியில் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ். இவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சிமெண்ட் எங்கிருந்து வந்தது? பழைய கடலின் சுண்ணாம்புக் கல்லிலிருந்து. அந்தக் கல்லோ சிப்பிகளின் ஓட்டிலிருந்து. கடல் ஒரு முறை கீழே படிய வைத்ததை ஆலை அரைத்துச் சுட்டு மூட்டையில் கட்டிக் கொடுக்க, கொத்தனார் தண்ணீர் ஊற்றிக் குழைத்து மறுபடியும் படிய வைக்கிறார். இதைப் படிவு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இனி வேகத்தைப் பார்ப்போம். ஆழ்கடலில் சுண்ணாம்புச் சேறு ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படியும். இல்லத்திலோ ஒன்றரை அங்குலக் கலவை, அதன்மேல் டைல்ஸ் கனம், ஆக ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஒரே வாரத்தில் ஏறிவிடுகிறது. அடுத்த படிவுக்கு ஒரு தலைமுறை, அதாவது 25 ஆண்டு இடைவெளி என்று தாராளமாக வைத்தாலும், ஆயிரம் ஆண்டுக்கு 2 மீட்டர். ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியபோது பக்கத்தில் ஒருவர் வீடு கட்டித் தலைமுறைக்கொரு தரை போட்டு வந்திருந்தால், இன்று அது வாசல் நிலையின் மேல்கட்டையைத் தொட்டிருக்கும். இந்தப் படிவைத் தூண்டும் விசை அலையோ நீரோட்டமோ அன்று; கல்யாணம். பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்திக்கும் டைல்ஸ் கடைக்குப் போவதற்கும் இடையே உள்ள காலம் மிகக் குறுகியது. ஆகவே இவ்வட்டாரத்துக் கால அட்டவணையில் யுகங்களுக்குப் பதிலாக மூத்தவள் கல்யாணம், இளையவன் கல்யாணம், பேத்தி சடங்கு என்று குறிப்பதே முறை.

மறுப்புகள் உண்டு. பழைய தரையைக் கொத்தி எடுத்துவிட்டுத்தானே புதியதைப் போடுகிறார்கள் என்பது முதலாவது. சிலர் அப்படிச் செய்வது உண்மை. ஆனால் கொத்துக்கூலி, கழிவு அள்ளும் டிராக்டர் வாடகை என்று மேஸ்திரி கணக்குச் சொன்னதும், பழைய தரை கெட்டியாகத்தானே இருக்கிறது, மேலேயே ஒட்டிவிடலாம் என்ற ஞானம் பெரும்பாலான வீடுகளில் பிறந்துவிடுகிறது. சாட்சி வேண்டுவோர் கதவைப் பார்க்கலாம்: அடிப்பாகம் இழைக்கப்பட்ட கதவு, அடுக்கு ஏறியதற்கு அசைக்க முடியாத ஆவணம். டைல்ஸ் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறதே, அது எப்படி உள்ளூர்ப் படிவாகும் என்பது இரண்டாவது. ஆற்று வண்டலும் எங்கிருந்தோதான் வருகிறது. படிந்த இடத்தின் பெயரைத்தான் பெறுகிறது. மூன்றாவது மறுப்பே வலுவானது: தரை உயர்வதற்குக் காரணம் கல்யாணமன்று, தெரு. பழைய சாலையின்மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, மழைத் தண்ணீர் வாசல் ஏறி வருவதால் வீடும் உயர வேண்டியிருக்கிறது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இது நம் கருத்துக்கு அரண்தான். வெளியே கடல்மட்டம் ஏற, உள்ளே கடற்படுகை ஏறுகிறது, அவ்வளவே. பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புதியது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்த நேர்ந்தது. தெருவுக்குச் சுரண்டல் விதி வந்துவிட்டது. கூடத்துக்கு இன்னும் வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, கைபடாத பழைய அடுக்கை எங்கே காண்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. நிலவியலார் ஒவ்வொரு பாறைத் தொகுதிக்கும் ஒரு மாதிரி இடத்தைக் குறித்து வைப்பார்கள். இல்லப் படிவியலுக்கும் அப்படி ஓரிடம் உண்டு. டைல்ஸ் போடும் நாளில் கட்டிலை நகர்த்துவார்கள், அரிசி மூட்டையை நகர்த்துவார்கள், தாத்தாவின் சாய்வு நாற்காலியைத் தாத்தாவோடு திண்ணைக்குக் கொண்டு போவார்கள். இரும்பு பீரோவை மட்டும், ‘அது கிடக்கட்டும், சுற்றி ஒட்டிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவார்கள். அதன் நான்கு கால்களுக்கு நடுவே, இரண்டங்குலப் பள்ளத்தில், ஒரு காலத்தில் கூடம் முழுக்கப் பளபளத்த சிவப்புத் தரை இன்றும் பத்திரமாக இருக்கிறது. அதை ஆராய விரும்புவோர் ஓர் இடையூறை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். பீரோவை நகர்த்த நான்கு ஆள் வேண்டும்; நான்கு ஆள் வீட்டில் சேர்ந்தாற்போல் கிடைப்பது அடுத்த கல்யாணத்தின்போதுதான்; அதற்குள் மேஸ்திரி வந்து அளவெடுத்துப் போயிருப்பார்.