கமிட் செய்தியில் பத்துக் குற்றம்

கமிட் செய்தி என்பது நிரலில் செய்த மாற்றத்தை, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளின் களஞ்சியத்தில் பதியும்போது உடன் எழுத வேண்டிய குறிப்பு. நிரலுக்குள் வரும் கமென்ட்டுகளையும் யாரும் திறக்காத ரீட்மீ கோப்பையும் கழித்துவிட்டால், களஞ்சியத்தில் மனிதர் மனிதருக்கு எழுதும் உரைநடை இது ஒன்றுதான். உலகெங்கும் அன்றாடம் இவ்வளவு எழுதப்பட்டும் இலக்கிய வரலாற்றாசிரியர் எவரும் இதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

இவ்வகையின் தோற்றக் காலம் 2005 ஏப்ரல். லினக்ஸ் கெர்னல் குழுவினர் அதே வேலைக்கு அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் மென்பொருளின் உரிமம் நிறுத்தப்பட, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே கிட்டை எழுதினார். ஏப்ரல் 7 அன்று பதிவான அதன் முதல் கமிட் செய்தி, கிட்டை நரகத்திலிருந்து வந்த தகவல் மேலாளர் என்று அறிமுகம் செய்கிறது. ஆதிச் செய்தியிலேயே வசை கலந்துவிட்டது. பின்வந்தோர் அந்த மரபைக் குறைவின்றிக் காத்துவருகின்றனர்.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் ஆகும் பத்து அழகுகளையும் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டார். கமிட் செய்திகளைப் பொறுத்தமட்டில் அழகுகள் பற்றிய பகுதி ஆய்வுக்குத் தேவைப்படவில்லை. குற்றங்களோ ஒன்றுவிடாமல் பொருந்துகின்றன. இடம் கருதி முதன்மையானவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

குற்றங்களுக்கு முன் அவை விளையும் நிலத்தைக் காண வேண்டும். முன்பு நிரலாளர் தம் மேசைக் கணினியில் எழுதினார். இப்போது மேகப் பணியிடத்திலும் எழுதுகிறார். கிட் களஞ்சியங்களுக்கு இடம் தரும் கிட்ஹப் தளத்தின் கோட்ஸ்பேசஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலாவியில் ஒரு தாவலைத் திறந்தால், எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் கணினியின் டெர்மினல் வந்து நிற்கிறது. ‘வொர்க்ஸ்பேசஸ்’ என்ற அடைவுக்குள் களஞ்சியம் ஏற்கெனவே குளோன் ஆகியிருக்கிறது. அமைப்பை மாற்றாதவரை, 30 நிமிடம் கைவைக்காமல் விட்டால் அந்தக் கணினி தானாக நின்றுவிடும். நிறுத்திய நிலையிலேயே 30 நாள் கிடந்தால் அடியோடு அழிக்கப்படும். நின்ற பணியிடத்தில் கோப்புகள் பத்திரமாக இருக்கும். அழிந்த பணியிடத்தில் புஷ் ஆகாத, அதாவது கிட்ஹப்புக்கு அனுப்பப்படாத, எதுவும் மிஞ்சாது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நிதானமாகப் படித்து வைத்திருப்பவர் குறைவு. ஆகவே டீ குடிக்க எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அச்சம் பிடிக்கிறது. அந்த அச்சத்தில் ‘கிட் ஆட்’ என்று எழுதி ஒரு புள்ளி வைத்து, ‘கிட் கமிட் -எம்’ என்று தட்டி, மேற்கோள் குறியைத் திறந்தவுடன் எழுத்தாளருக்குச் சொல் வறண்டுபோகிறது. கமிட் செய்தி பிறக்கும் கணம் இதுவே. வேறெந்த இலக்கிய வகையும், எழுதுபவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்ட நிலையில் எழுதப்படுவதில்லை.

‘-எம்’ சேர்க்காமல் விட்டால் கிட் ஓர் எடிட்டரைத் திறந்து, எழுதுபவருக்குப் பக்கம் முழுவதையும் தருகிறது. நிதானமாக எழுத இது நல்ல ஏற்பாடு. ஆனால் பல இடங்களில் திறப்பது விம். விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் எழுந்த கேள்வியைப் பார்த்தவர் எண்ணிக்கை 2017இல் பத்து லட்சத்தைக் கடந்தது. விரிந்து எழுத வாய்ப்பிருந்தும் எழுத்தாளர்கள் ஒற்றை வரிக்கே திரும்பியதன் காரணம் இதனால் விளங்கும்.

இனிக் குற்றங்கள். குன்றக் கூறல் முதலாவது. ‘ஃபிக்ஸ்’, ‘அப்டேட்’, ‘சேஞ்சஸ்’ ஆகியவை இதன் பாற்படும். இதன் எல்லை ஒற்றைப் புள்ளி. செய்தி முற்றிலும் வெறுமையாக இருந்தால் கிட் கமிட்டை ஏற்க மறுக்கும். ஒரு புள்ளி வைத்தால் ஏற்றுக்கொள்ளும். மெய்யெழுத்துக்குப் புள்ளி கொடுத்த மொழியில்கூட இவ்வளவு பொருளைத் தனிப் புள்ளியின் தலையில் யாரும் ஏற்றியதில்லை.

மிகைபடக் கூறல் அண்மைக் காலம்வரை அரிதாக இருந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்தியை எழுதித் தரத் தொடங்கியபின் பெருகிவிட்டது. ஒரு காற்புள்ளியை நீக்கியதற்கு நான்கு பத்தி வருகிறது; அந்தக் காற்புள்ளி ஏன் நீக்கப்பட்டது என்பது மட்டும் அவற்றில் இல்லை. மாறுகொளக் கூறலுக்குச் சான்று, ‘எழுத்துப்பிழை திருத்தம்’ என்ற தலைப்பில் லாகின் பகுதி முழுவதும் காணாமல்போவது. மயங்க வைத்தல் என்பது பணிச்சீட்டு எண்ணை மட்டும் எழுதுவது. அந்தச் சீட்டு முறையையே நிறுவனம் கைவிட்டபின் எண் நிற்கும், பொருள் நிற்காது. இணையப் பக்கத்தில் நேரடியாகத் திருத்தும்போது கிட்ஹப் தானே முன்வைக்கும் ‘அப்டேட் ரீட்மீ’ என்ற வாசகம் நின்று பயனின்மைக்குரியது. ரீட்மீ மாறியிருக்கிறது என்பதை ரீட்மீயே சொல்லிவிடும்.

தனித்துப் பேச வேண்டியது சென்று தேய்ந்து இறுதல். தொடக்கத்தில் பொலிவுடன் எழும் நடை போகப்போக மெலிந்து அற்றுப்போவதை முனிவர் தனிக் குற்றமாக வைத்தார். ‘கிட் லாக் --ஒன்லைன்’ என்று கொடுத்து, பழையது அடியில் இருக்கும் என்பதால் கீழிருந்து மேலாகப் படித்தால் இது கண்ணுக்குத் தெரியும். திங்கட்கிழமை ‘பதிவுப் படிவத்தில் மின்னஞ்சல் சரிபார்ப்பு சேர்க்கப்பட்டது’. செவ்வாய் ‘மின்னஞ்சல் சரிபார்ப்பில் திருத்தம்’. புதன் ‘சரிபார்ப்பு ஃபிக்ஸ்’. வியாழன் ‘ஃபிக்ஸ்’, ‘ஃபிக்ஸ் 2’, ‘ஃபைனல் ஃபிக்ஸ்’. வெள்ளி மாலை ‘இப்போ ஓடும்’, அதன்மேல் ‘ஃபைனல் ஃபிக்ஸ் 2’, உச்சியில் அந்தப் புள்ளி. நடுவில் கூறியது கூறலும் வந்து சேர்ந்துகொள்கிறது. கிளையை இணைக்கும்போது இவற்றை ஒன்றாக்கி மறைக்க கிட்ஹப்பில் ‘ஸ்குவாஷ் அண்ட் மெர்ஜ்’ பொத்தான் உண்டு. ஆனால் அமைப்பை மாற்றாவிட்டால், தனித்தனிச் செய்திகள் அத்தனையையும் அதுவே தொகுத்துப் புதுச் செய்தியின் உடலில் பட்டியலாக வைத்துவிடும். மறைக்கப் போன குற்றங்கள் ஒரே இடத்தில் பதிப்பாகி வெளிவருகின்றன.

குற்றமற்ற செய்திக்கு விதிகள் இல்லாமல் இல்லை. தலைப்பு 50 எழுத்துக்குள் இருக்கட்டும், ஒரு வெற்று வரி விடுக, பிறகு விளக்கம் எழுதுக என்று கிட்டின் ஆவணமே சொல்கிறது. உடல் வரிகளை 72 எழுத்தில் மடிப்பது வழக்கம். தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு சிறு அநீதி இருக்கிறது. ‘திருத்தம்’ என்பது இலக்கணப்படி ஐந்தெழுத்து. யூனிகோடு கணக்கில் ஒன்பது. எண்ணுவது கணினியானால் தமிழருக்கு விதித்த 50 எழுத்து முப்பதுக்கும் கீழே வந்துவிடும்.

எழுதிய செய்தியைத் திருத்த ‘--அமெண்ட்’ உண்டு. எனினும் செய்தியும் கமிட்டின் உறுப்பாகையால் ஓர் எழுத்து மாறினாலும் 40 இலக்க அடையாளம் முழுவதும் மாறிவிடும். கிட்டின் பார்வையில் அது வேறொரு கமிட். புஷ் ஆனபின் திருத்தினால் சர்வர் ஏற்க மறுக்கும். வலிந்து ஏற்ற வேண்டுமானால் ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ நாகரிகமானது. இடையில் வேறொருவர் புஷ் செய்திருந்தால் அது நின்றுகொள்ளும். வெறும் ‘--ஃபோர்ஸ்’ அதைப் பார்க்காது. தவறவிட்ட கமிட்டுகளை மீட்க ‘ரீஃப்லாக்’ துணைசெய்யும். ஆனால் அது அந்தந்தக் கணினியில் மட்டுமே இருப்பதால், மேகப் பணியிடம் அழியும்போது மருந்தும் நோயாளியோடு போய்விடும்.

இச்செய்திகளைப் படிப்போர் இருவகையினர். ‘கிட் பிளேம்’ கொடுத்து ஒரு வரிக்குப் பொறுப்பாளியைத் தேடுவோர் ஒருவகை. ‘கிட் பைசெக்ட்’ கொண்டு, ஆயிரம் கமிட்டுகளைப் பாதிபாதியாகப் பிரித்து ஏறத்தாழ பத்தே சோதனையில் பழுதான கமிட்டை எட்டிப் பிடிப்போர் மற்றொரு வகை. எட்டிப் பிடித்தபின் அங்கே ‘இப்போ ஓடும்’ என்று எழுதியிருப்பதைக் காண்பதே இரண்டாம் வகையினரின் பேறு.

தடுப்பு முறைகளும் உள்ளன. கமிட் பதியுமுன் தானாக ஓடிச் செய்தியைச் சோதிக்கும் ‘கமிட்-மெசேஜ்’ ஹூக் ஒன்று எழுதி வைத்தால் குறுகிய செய்திகளை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். ஆனால் ஹூக்குகள் களஞ்சியத்தோடு சேர்ந்து குளோன் ஆவதில்லை. புதிய பணியிடம் உருவாகும் ஒவ்வொரு முறையும் அவற்றை மறுபடி நிறுவ, பணியிடத்தின் அமைப்பைக் குறிக்கும் டெவ்கன்டெய்னர் கோப்பில் தனியாகக் கட்டளை எழுத வேண்டும். எழுதி, நிறுவி, எல்லாம் சரியாக ஓடினாலும் கமிட் கட்டளையின் கடைசியில் ‘--நோ-வெரிஃபை’ என்று சேர்த்தால் ஹூக் ஓடாது. புள்ளி உள்ளே போய்விடும்.