மீதியில் பாதி

பகல் முழுவதும் உத்தியோகம் பார்த்து, பேருந்தில் நசுங்கி வீடு திரும்பி, கை கால் அலம்பி, காப்பியும் அருந்தி, இனி நாளைக் காலை வரையில் உலகம் தம்மை ஒரு கேள்வியும் கேட்காது என்ற நம்பிக்கையோடு நாற்காலியில் சாய்ந்திருக்கும் மத்தியதரக் குடும்பத் தகப்பனார் ஒருவரிடம், ஐந்தாம் வகுப்பில் வாசிக்கும் அவருடைய புதல்வி கணக்குப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நிற்கும்போது, அவர் முகத்தில் சலிப்புத் தோன்றும் என்று எதிர்பார்ப்பவர்கள் அந்த வர்க்கத்தாரை அறியாதவர்கள். அங்கே தோன்றுவது பேரானந்தம். அலுவலகத்தில் மேலதிகாரிக்குத் தெரியாததைத் தாம் எடுத்துச் சொல்லக் கூடாது; வீட்டில் மனைவிக்குத் தெரிந்ததைத் தாம் எடுத்துச் சொல்லவே முடியாது; ஆகவே தமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு விஷயத்தை, தெரியாத ஒருவரிடம், நடுவில் எவரும் குறுக்கிடாமல் எடுத்துரைப்பதற்கு அந்தப் பரோபகாரிக்கு வாய்க்கிற சந்தர்ப்பம் இது ஒன்றுதான்.

"என்ன கணக்கு, கண்ணு?"

"பின்னம்ப்பா. வாழ்க்கைக் கணக்கு."

"பூ! இதுக்குப் போய் டியூஷன் வைக்கணும்கிறாங்களே உங்கம்மா!"

முதலில் ஆயத்தங்கள் நடைபெறும். மேஜை மேலிருக்கும் பத்திரிகைகள் அப்புறப்படுத்தப்படும். தொலைக்காட்சி, அதை யார் பார்த்துக்கொண்டிருந்தாலும், அணைக்கப்படும். பென்சில் சீவப்படும், முனை ஒடியும், மறுபடியும் சீவப்படும். கணக்கு என்பது அழித்து எழுத வேண்டிய சாஸ்திரமாகையால் பேனாவைத் தொடலாகாது என்று ஓர் உபதேசமும் இலவசமாகக் கிடைக்கும். இவ்வளவும் ஆன பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிப்படுத்திக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிக்கிற குரலில் அவர் வாசிப்பார்: ஒருவர் தம் மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை வீட்டு வாடகைக்கும், மீதியில் பாதியை உணவுக்கும் செலவிட்டார், அவரிடம் 8,000 ரூபாய் எஞ்சியது எனில், அவருடைய மாத வருமானம் என்ன?

மற்றவர்கள் இந்தக் கேள்வியைப் படித்தால் அதிலுள்ள எண்களைப் பார்ப்பார்கள். நம் தகப்பனார் அதிலுள்ள மனிதரைப் பார்க்கிறார். யார் இந்த ஆசாமி? மூன்றில் ஒரு பங்கை வாடகையாகக் கொடுத்துவிட்டு எந்த ஊரில் குடியிருக்கிறார்? கரண்ட் பில் வாடகையில் சேர்த்தியா, தனியா? பள்ளிக்கூடக் கட்டணம் எங்கே, பெட்ரோல் எங்கே, நகைக் கடன் வட்டி எங்கே, சித்திரை பிறந்தால் வரிசையாக வந்து விழுகிற கல்யாணப் பத்திரிகைகளுக்கு எழுத வேண்டிய மொய் எங்கே? இத்தனைக்கும் பிறகு மாதக் கடைசியில் ஒரு மனிதன் கையில் எட்டாயிரம் ரூபாய் முழுசாக எஞ்சுவதாவது! பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவர் தீர்ப்புச் சொல்லுகிறார்: "இந்த ஆள் பொய் சொல்றான்."

"அப்பா, அது கணக்குப்பா."

இந்த இடத்தில் அவருக்காக நானும் ஒரு வார்த்தை பேசத்தான் வேண்டும். பின்னக் கணக்குகளின் உலகத்தில் வசிக்கிற ஜனங்கள் நம்மைப் போன்றவர்கள் அல்லர். அங்கே ஒரு பெண் ஐந்தே முக்கால் மீட்டர் ரிப்பன் வாங்கி அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சிநேகிதிக்குக் கத்தரித்துக் கொடுக்கிறாள்; ஒரு பையன் திங்கட்கிழமையன்று புத்தகத்தின் ஐந்தில் இரண்டு பங்கைப் படித்து முடித்து, சரியாக அந்தப் பக்கத்திலேயே மூடி வைக்கிறான். இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததுமன்று. 1150-ஆம் ஆண்டு வாக்கில் பாஸ்கராசாரியார் இயற்றிய லீலாவதியில் ஒரு வண்டுக் கூட்டம் வருகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்கும், மூன்றில் ஒரு பங்கு சிலீந்திர மலருக்கும், அவ்விரண்டின் வித்தியாசத்தைப் போல் மும்மடங்கு குடஜ மலருக்கும் போய்விட, ஒரே ஒரு வண்டு மட்டும் வாசனைக்கு மயங்கி ஆகாயத்தில் திரிந்துகொண்டிருக்கிறது. மொத்தம் பதினைந்து வண்டுகள் என்று சொல்லிவிட்டுப் படிப்பவர்கள் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். அந்த ஏடு நம் தகப்பனார் கையில் அகப்பட்டிருந்தாலோ, தனியாகத் தவிக்கும் அந்தப் பதினைந்தாவது வண்டுக்கு என்ன குறை என்று விசாரிப்பதிலேயே பொழுது விடிந்திருக்கும்.

போகட்டும். ஒருவாறாக மனத்தைத் தேற்றிக்கொண்டு அவர் கணக்கில் இறங்குகிறார். மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று. பகுதிகள் வேறு வேறு. பொது மடங்கு ஆறு. ஆறில் இரண்டும் ஆறில் மூன்றும் சேர்ந்தால் ஆறில் ஐந்து. மிச்சம் ஆறில் ஒன்று. அது எட்டாயிரம் என்றால் முழுத்தொகை நாற்பத்தெட்டாயிரம். கூட்டலில் பிழையில்லை, கழித்தலில் பிழையில்லை, பெருக்கலிலும் பிழையில்லை. 'மீதியில்' என்ற ஒரு சொல் மாத்திரம் அவர் கண்ணில் படவேயில்லை. மகள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, விடை 24,000 என்று போட்டிருப்பதைக் காட்டுகிறாள். ஒரு சொல்லைக் கவனியாமல் விட்டதனால் ஒருவருடைய சம்பளம் இரட்டிப்பாகுமானால், அத்தகைய கவனக்குறைவை அரசாங்க ஊதியக் குழுவுக்கே சிபாரிசு செய்யலாம். ஆனால் அவர் அந்தக் கோணத்தில் யோசிப்பதில்லை. "அச்சுப் பிழை," என்கிறார். புத்தகத்தில் அச்சுப் பிழை என்பது இந்த வர்க்கத்தாரின் முதல் சரணாலயம். பாடத்திட்டத்தையே மாற்றிக் கெடுத்துவிட்டார்கள் என்பது இரண்டாவது.

கடிகாரம் பார்க்காமலே, கணக்குத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதை அவர் மகளை அழைக்கும் விதத்திலிருந்து பக்கத்து வீட்டார் அறிந்துகொள்ளலாம். ஆரம்பத்தில் 'கண்ணு', பிறகு 'பாப்பா', அதன் பிறகு 'இங்கே பாரும்மா', பின்பு அந்த 'ம்மா'வும் உதிர்ந்துபோன 'இங்கே பாரு', முடிவில், வகுப்பு ஆஜர்ப் பட்டியலில் உள்ளபடி முதலெழுத்தோடு கூடிய முழுப்பெயர். முழுப்பெயர் கேட்டவுடன் சமையலறையில் பாத்திரச் சத்தம் சற்று அதிகரிக்கும்.

பிரத்தியட்சமாக விளக்குவோம் என்று ஒரு தோசை தருவிக்கப்பட்டதும், அது ஆறு துண்டாகக் கிழிக்கப்பட்டதும், ஆறும் சமமாக இல்லையே என்று மகள் ஆட்சேபித்ததும், பங்கு சமம்தானா என்ற விவாதம் நடக்கும்போதே தம்பிப் பயல் ஆறில் இரண்டைத் தின்றுவிட்டதும் விஸ்தரிக்கத் தக்கவை அல்ல.

தோசையும் கைவிட்ட பிறகு அவர் முன்னோர்களைத் துணைக்கு அழைக்கிறார். "நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் பேப்பர் பென்சில் இல்லாமயே பின்னம் போட்டவங்க, தெரியுமா?" என்று தொடங்கி, அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி என்று படிப்படியாக இறங்கி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரிக்கு வந்து, அதையும் முந்நூற்றிருபது கூறிட்ட கீழ்முந்திரி என்று ஒன்று இருந்ததையும், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியை விடியற்காலையில் பாராமல் ஒப்பித்ததையும் கம்பீரமாக வர்ணிக்கிறார். மகளுக்கு இதில் ஒரு சந்தேகந்தான் வருகிறது: "முந்திரின்னா கேசரில போடுறதாப்பா?"

அதற்கு விடையளிக்காமல் அவர் காரிநாயனாருடைய கணக்கதிகாரத்துக்குத் தாவுகிறார். பலாப்பழத்தை அறுக்காமலே அதற்குள் எத்தனை சுளை என்று சொல்லும் விதி அந்நூலில் இருக்கிறதென்றும், காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் தீர்ந்தது என்றும் சொல்லி, ஆச்சரியத்தை எதிர்பார்த்து நிறுத்துகிறார்.

"ஐந்தில் ஆறா? அது தகா பின்னம்ப்பா."

"எது தகாது? பெரியவங்க சொன்னது தகாதா?"

"தகா பின்னம்னுதான் மிஸ் சொன்னாங்க. மேல இருக்கிறது பெருசா இருந்தா தகா பின்னம். சரிப்பா, முள்ளு அம்பத்திரண்டு இருந்துச்சுன்னா?"

ஐம்பத்திரண்டை ஆறால் பெருக்கினால் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஐந்தால் வகுத்தால் அறுபத்திரண்டே ஐந்தில் இரண்டு சுளை. அந்த ஐந்தில் இரண்டு சுளையை யார் தின்பது என்று மகள் கேட்க, ஏற்கனவே தோசையில் ருசி கண்ட தம்பி கையைத் தூக்குகிறான்.

இவரைப் பின்னம் தெரியாதவர் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பின்னம் இவருக்குப் பழுதறத் தெரியும். ஆனால் அது அவருடைய சொந்த மனையைப் பற்றியதாக இருக்க வேண்டும். இதோ, கடைசி உபாயமாக அவர் அங்கேதான் வந்து சேருகிறார். "பங்குன்னா என்னன்னு உனக்குப் புரியற மாதிரி சொல்றேன் கேளு. ஊர்ல தாத்தாவோட பூர்வீக மனை 2,400 சதுர அடி. பெரியப்பாவுக்குப் பாதி, எனக்குப் பாதி. எனக்கு எவ்வளவு?"

"1,200."

"சபாஷ்! ரோட்டுப் பக்கம் முழுக்கப் பெரியப்பா எடுத்துக்கிட்டார். பின்பக்கம் போகப் பாதை வேணுமே. அது என் பங்குலதான் கழியணும்னுட்டார். என் பங்குல மூணுல ஒரு பங்கு பாதைக்கே போச்சு."

"400. மீதி 800."

"மொத்த மனையில அந்தப் பாதை எத்தனையில ஒண்ணு? ஆறுல ஒண்ணு! ஆறுல ஒரு பங்கை ஒரு மனுஷன் தம்பிகிட்டேயிருந்து பாதைன்னு பிடுங்கலாமா?"

கவனியுங்கள்: காகிதமில்லை, பென்சிலில்லை, முழுமையில் பங்கு எது, மீதியில் பங்கு எது என்பதில் எள்ளளவும் தடுமாற்றமில்லை. வாடகை கொடுத்தவருடைய மீதியைக் காணாத கண்கள், தம்முடைய மீதியைச் சதுர அடி தவறாமல் காண்கின்றன. அண்ணனை நினைத்த ஆக்ரோஷத்தில் முகம் சிவக்க, கணக்கின் சிகரத்தையே அவர் எட்டிவிட்ட அந்தத் தருணத்தில்தான் மகள் கேட்கிறாள்:

"அத்தைக்கு?"

மின்விசிறியின் சத்தம் அப்போதுதான் எல்லோர் காதிலும் விழுகிறது.

"தாத்தாவுக்கு மூணு பேரு தானேப்பா? அப்ப பகுதியில மூணு தானே வரணும்?"

"அத்தைக்குத்தான் கல்யாணத்துல நகையெல்லாம் போட்டு..." என்று அவர் தொடங்கி முடிப்பதற்குள், பாத்திரச் சத்தம் நின்று, சமையலறையிலிருந்து தீர்மானமான ஒரு குரல் வருகிறது: "பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்தாச்சு, 2005-ல நாடு முழுக்க வந்தாச்சு. உங்கப்பாவுக்குத்தான் இன்னும் வந்து சேரலை."

மகள் சட்டத்தை லட்சியம் செய்யவில்லை. 2,400-ஐ மூன்றால் வகுத்து முடித்துவிட்டாள். "அத்தைக்கு 800. பெரியப்பாவுக்கு 800. உங்களுக்கு 800. இப்பவும் உங்ககிட்ட பாதை போக 800 தானேப்பா இருக்கு? உங்களுக்கு ஒண்ணுமே குறையலையே!"

இந்தத் தர்க்கத்தில் ஓர் ஓட்டை இருப்பது அவருக்கு உடனே புலப்படுகிறது. புதிய பங்கீட்டிலும் பாதை என்று ஒன்று உண்டல்லவா. அது அந்த 800-இலிருந்து மறுபடியும் கழிய வேண்டுமே. அதை விளக்குவதற்கு வாயைத் திறக்கிறார். விளக்கினால் தங்கையின் பங்கைச் சாட்சிகளின் முன்னிலையில் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அடுத்த கணமே நினைவுக்கு வர, திறந்த வாயை மூடிக்கொள்கிறார். கணிதம் தெரிந்திருந்தும் அதைச் சொல்ல முடியாமற்போகும் அவஸ்தையை அன்றைக்கு அந்த வீட்டில் அனுபவித்தவர் அவர் ஒருவரே.

"நேரமாச்சு. சாப்பிடப் போங்க எல்லாரும்."

மகள் எழுந்திருப்பதற்கு முன் நோட்டை இழுத்துக்கொண்டு நீளமாக ஒரு கட்டம் போடுகிறாள். அதை மூன்றாகப் பிரித்து, முதல் அறையில் வாடகை என்று எழுதுகிறாள். மீதி இரண்டு அறை, அதில் பாதி ஓர் அறை, அதில் உணவு என்று எழுதுகிறாள். எஞ்சிய அறையில் 8,000. மூன்று அறைக்கும் சேர்த்து 24,000. "மிஸ் இப்படித்தான் போடச் சொன்னாங்க," என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுகிறாள். அவர் சிறிது நேரம் பையையே பார்க்கிறார். அது படம், கணக்கன்று என்பது அவருடைய அபிப்பிராயம். வழி எழுதாமல் கட்டம் கட்டிக் கண்டுபிடித்த விடையை எந்த உத்தமனான ஆசிரியர் ஒப்புக்கொள்வார்? மேலும், அந்த ஆசாமியிடம் எட்டாயிரம் எஞ்சியதை அவர் இன்னமும் நம்பவில்லை.

வீடு உறங்கிய பிறகு, படுக்கையில் புரண்டு படுத்து, கைப்பேசியை எடுத்து, வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கணக்கைப் படம் பிடித்துப் போட்டு, 'இதற்குச் சரியான விடை என்ன? புத்தகத்தில் பிழை என்று தோன்றுகிறது' என்று எழுதுகிறார். அந்த நேரத்திலும் விழித்திருக்கும் தகப்பன்மார் பலர் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரியவருகிறது. ஒருவர் 48,000 என்கிறார். இன்னொருவர், தம் மகனும் 48,000 என்றுதான் போட்டான், தாமே சொல்லிக்கொடுத்தது என்கிறார். மூன்றாமவர் எக்ஸ் என்று வைத்துக்கொள்ளச் சொல்லி, வைத்துக்கொண்டபின் என்ன செய்வது என்று எழுதாமல் விடுகிறார். ஒரு தாயார் 24,000 என்று மட்டும் போட்டுவிட்டு மறைந்துபோகிறார். மற்றொருவர் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்புகிறார். அதற்குப் பின் வந்த கனவான், நாளைக்கு மழை விடுமுறை உண்டா என்று வினவ, அந்தக் கேள்விக்கு மாத்திரம் குழுவிலிருந்த அத்தனை பேரும் ஏககாலத்தில் விடை எழுதத் தொடங்குகிறார்கள்.